ஆறரை மணிக்கு ஒரு நாகசுரம்: சென்னை சபா செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை சபாக்களின் செயலாளர்களுக்கும், டிசம்பர் சீசனில் யாரை எந்த நேரத்துக்கு உட்கார வைப்பது என்று முடிவு செய்யும் குழுக்காரர்களுக்கும் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியாது. பால்கனியில் கடைசிக்கு முந்தின வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் பல பேரில் ஒருவன். கேன்டீன் அடையைப் பற்றியோ பார்க்கிங்கைப் பற்றியோ புகார் சொல்ல வரவில்லை. அதற்கெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள். பெரிய கச்சேரிகளுக்கு நீங்கள் வைத்திருக்கும் மாலை ஆறரை மணியில் நாகசுரத்துக்கும் ஓர் இடம் கேட்க வந்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சபாவின் தொடக்க விழாவுக்குப் போயிருந்தேன். எந்த சபா என்பது வேண்டாம். அழைப்பிதழில் 'மாலை 4.30 மங்கள இசை' என்று போட்டிருந்தது. வாசித்தவர் கும்பகோணம் பக்கத்து வித்வான், ஐம்பது வயதிருக்கும். கரகரப்பிரியா ராகத்தை எடுத்தார். முதல் பத்து நிமிடம் சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு, இறுக்கமாகவே பேசியது. அப்புறம் அது இளகி, பஞ்சமத்தில் நின்று நிதானமாக மேலே பார்க்க ஆரம்பித்தார். அதே நேரத்தில் மேடையின் மறு பக்கம் ஐந்து நாற்காலிகளைத் தரதரவென்று இழுத்துப் போட்டார்கள். குத்துவிளக்கை நகர்த்தினார்கள். ஒருவர் பேச்சாளர் மைக்கைத் தட்டி 'ஹலோ, ஹலோ' சொன்னார். தலைமை விருந்தினரின் கார் வந்துவிட்டது என்று தெரிந்ததும் செயலாளர் ஓரத்தில் வந்து நின்று, கையை மடக்கி விரித்து, முடியுங்கள் என்று ஜாடை காட்டினார். வித்வான் மேல் ஷட்ஜத்தைத் தொடாமலே இறங்கிவிட்டார். இரண்டு நிமிடம் மங்களம் வாசித்துவிட்டு வாத்தியத்தை உறையில் போட்டார். கைதட்ட ஆளில்லை. முன்வரிசை முழுக்க வாசலில் விருந்தினரை வரவேற்கப் போயிருந்தது.

மொத்தம் இருபத்தைந்து நிமிடம். சீவாளி பதத்துக்கு வந்து சேரவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும்.

எனக்கு இது ஏன் உறுத்துகிறது என்றால், என் தாய்மாமா ஒரு நாகசுரக்காரர். குத்தாலம் பக்கத்தில் ஒரு சின்னக் கோயிலில் முறை வாசித்தவர். பள்ளி விடுமுறைக்குப் போனால் என் கையில் தாளத்தைக் கொடுத்துவிடுவார். சுவாமி புறப்பட்டு நாலு வீதியும் சுற்றி வந்து சேர நள்ளிரவு தாண்டும். கம்பீர நாட்டையில் மல்லாரி, அப்புறம் கீழவீதி திரும்பியதும் ஒரு ராகம். அந்த ராகம் தெற்கு வீதி, மேல வீதி என்று போய்க்கொண்டே இருக்கும். பெட்ரோமாக்ஸ் தூக்குகிறவர் தோள் மாற்றிக்கொள்வார், எனக்குத் தூக்கம் சொக்கும், ராகம் முடியாது. கடைசியில் பள்ளியறை வாசலில் நீலாம்பரி. அதைக் கேட்டு சுவாமி தூங்கினாரோ என்னவோ, நான் படிக்கட்டிலேயே தூங்கியிருக்கிறேன்.

மாமாவின் வீட்டில் சாமி படங்களோடு ஒரு மனிதரின் படமும் மாட்டியிருந்தது. கிராப்புத் தலை, காதில் கடுக்கன், உடம்பில் பளபளவென்று ஒரு கோட்டு. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை.

உங்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் அவர் வாழ்க்கையில் சில விஷயங்களை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நீங்கள் நாற்காலி இழுக்கும் அந்த மேடையில் ஒரு நாகசுரக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அதில் பெரிய பங்கு அவருடையது.

1898 ஆகஸ்ட் 27ல் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமா திருமருகல் நடேச பிள்ளை அவரைத் தத்து எடுத்துக்கொண்டார். நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தின் நாகசுர வித்வான். பையனுக்கு முதலில் வாய்த்தது நாகசுரம் இல்லை, பாட்டு. திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் பாடம். பிடில் வாசிப்பில் அந்தக் காலத்து மலை அவர், செம்மங்குடி சீனிவாச அய்யரின் தாய்மாமா. ராஜரத்தினம் சின்ன வயதிலேயே வாய்ப்பாட்டுக் கச்சேரியும் செய்திருக்கிறார். அதற்கப்புறம்தான் கையில் குழல் ஏறியது. அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகசுரப் பாடம். இந்த வரிசையை நான் முக்கியமாக நினைக்கிறேன். குழலைப் பாட வைத்தவர் என்று அவரைச் சொல்வதற்குக் காரணம், பாடத் தெரிந்த தொண்டை அந்தக் குழலுக்குப் பின்னால் இருந்ததுதான்.

அவர் வாசிக்க வந்தபோது புழக்கத்தில் இருந்தது திமிரி. குட்டையான வாத்தியம், சுருதி நாலு, நாலரை, ஐந்து கட்டை என்று உச்சத்தில் இருக்கும். திறந்த வீதியில், தேருக்கு முன்னால், ஆயிரம் பேர் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டிய வாத்தியம் அப்படித்தான் இருந்தாக வேண்டும். சுத்த மத்தியமம் என்ற ஸ்வரம் மட்டும் அதில் சண்டித்தனம் செய்யும். உதட்டாலும் மூச்சாலும் சரிக்கட்டித்தான் வாசிக்க வேண்டும். ராஜரத்தினம் சுருதியை இறக்கினார். ஆடுதுறைப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்காக நீளமான பாரி நாகசுரத்தைக் கடைந்து, துளைகளை மாற்றி மாற்றிப் பார்த்து, அந்த மத்தியமத்தைச் சுத்தமாகப் பேச வைத்தார். இன்றைக்குப் பெரும்பாலோர் வாசிப்பது அந்தப் பாரிதான். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் முற்றிய ஆச்சா மரத்தைத் தேடி வாங்கி இன்னமும் அந்த ஊரில் கடைகிறார்கள். 2022ல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

சுருதிக்காகக் கூடவே ஊதும் ஒத்துக் குழலுக்குப் பதிலாகத் தம்புராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டவரும் அவர்தான். யோசித்துப் பாருங்கள். சுருதி இறங்கியது, தம்புரா வந்தது, வாத்தியம் பாட ஆரம்பித்தது. வீதிக்கு வேண்டிய மாற்றங்கள் இல்லை இவை. நாலு சுவருக்குள் உட்கார்ந்து கேட்பவனை மனதில் வைத்துச் செய்தவை. 'ஹாலுக்குள் நாகசுரம் சரிப்படாது, காது வலிக்கும்' என்று உங்களில் சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு எத்தனையோ வருடத்துக்கு முன்பே ஒரு வித்வானும் ஓர் ஆசாரியும் சேர்ந்து மரத்தில் பதில் எழுதிவிட்டார்கள்.

உடைக்கு வருவோம். மேளக்காரர் என்றால் சட்டை போடக்கூடாது, துண்டு இடுப்பில் இருக்க வேண்டும், பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணம் ஆனாலும் நின்றுதான் வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். வழக்கம் என்று மெல்லச் சொல்கிறோம், அது சாதி. பாட்டுக்காரருக்கு மேடையும் ஜமக்காளமும், மேளக்காரருக்குத் திண்ணையும் பந்தலடியும். ராஜரத்தினம் குடுமியை எடுத்துக் கிராப் வைத்துக்கொண்டார், கோட்டும் ஷெர்வாணியும் போட்டுக்கொண்டார், மேடை போட்டால்தான் வாசிப்பேன், உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். திமிர் பிடித்தவர் என்றார்கள். இருந்திருக்கலாம், அவரோடு பழகுவது சுலபமில்லை என்பதற்குக் கதைகள் ஏராளம். ஆனால் பணிவாகக் கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள் என்றும் யோசிக்க வேண்டும்.

1940ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய படத்தில் கவி காளமேகமாக நடித்தார். அது அவருக்குப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை, விட்டுவிடலாம். 1947 ஆகஸ்ட் 14 அன்று டெல்லியில் நேருவிடம் செங்கோல் கொடுக்கப் போன திருவாவடுதுறை ஆதீனக் குழுவோடு அவருடைய நாகசுரமும் போனது. 1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் காலமானார்.

தோடி ராகத்தைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. இசைத்தட்டில் அவர் தோடி இன்னும் கிடைக்கிறது, கேளுங்கள். எழுபத்தெட்டு சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். கோயில் வீதியில் மணிக்கணக்காக வாசித்த ராகத்தை அந்த டப்பாவுக்குள் அடைத்திருக்கிறார்கள். அதிலும் அவர் அவசரப்படவில்லை. காந்தாரத்தை அசைத்துவிட்டு அப்படியே விட்டுவைப்பார், நமக்கு மூச்சு முட்டும், அவருக்கு முட்டாது. பெரிய பாடகர்களான செம்மங்குடியும் ஜி.என்.பி.யும் இந்த வாசிப்பைக் கேட்டுக் கற்றவர்கள்தான். நீங்கள் ஆறரை மணிக்கு டிக்கெட் போட்டு விற்கும் ராக ஆலாபனை இருக்கிறதே, அதன் விஸ்தாரம் பெருமளவு கோயில் வீதியிலிருந்து வந்த சரக்கு. விளைவித்தவனுக்குப் பதக்கு, விற்றவனுக்குப் பத்தாயம் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் இதைக் கேட்டால் சொல்லக்கூடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ராஜரத்தினம் உட்கார இடம் கேட்டார், கிடைத்துவிட்டது. இன்று எந்த நாகசுரக்காரரையும் நீங்கள் நிற்க வைப்பதில்லை, சட்டையைக் கழற்றச் சொல்வதில்லை. சால்வை போடுகிறீர்கள். ஆனால் அந்த மேடை கிடைத்த கையோடு நேரம் போய்விட்டது. திண்ணையில் நின்ற காலத்தில் நாகசுரக்காரர் கையில் இரவு முழுக்க இருந்தது. மேடையில் உட்கார்ந்த காலத்தில் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது. இரண்டில் எது மரியாதை என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

'மங்கள இசை' என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். கேட்க அழகாக இருக்கிறது. அதற்குள் ஒரு தள்ளுபடியும் இருக்கிறது. வயலினை யாராவது மங்கள இசை என்பார்களா? ஒரு காரியம் தொடங்கும்போது ஒலிக்க வேண்டியது, தொடங்கியதும் நிற்க வேண்டியது என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்துக்காக மேளக்காரரைக் கூப்பிட்டு, மீதி நேரமெல்லாம் அவர் வாசிப்புக்கு மேலே ஊர்க்கதை பேசுவது போலத்தான் இதுவும். மண்டபத்துக்காரர்களாவது சங்கீதத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்வதில்லை. (இப்போது மண்டபத்திலும் பாதி இடங்களில் செண்டை வந்துவிட்டது, அது வேறு துக்கம்.)

விருதுக் கணக்கும் ஒன்று உண்டு. 1956ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது நாகசுர வித்வான் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்குக் கிடைத்தது, தகுதியான கை. அந்த டிசம்பரில்தான் ராஜரத்தினம் போய்ச் சேர்ந்தார், அவருக்கு அது கிடைக்கவே இல்லை. இன்னொரு நாகசுர வித்வான் ஷேக் சின்ன மௌலானாவுக்குக் கிடைத்தது 1998ல். ஆந்திராவின் கரவடியில் பிறந்து, தஞ்சாவூர்ப் பாணிக்காக நாச்சியார்கோயில் சகோதரர்களிடம் பாடம் கேட்டு, ஸ்ரீரங்கத்திலேயே குடியேறிய மனிதர். அடுத்த வருடமே அவரும் இறந்துவிட்டார். ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டுக்கு 2008ல், வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலுக்கு 2009ல். மகிழ்ச்சிதான். ஆனால் நான் விருது கேட்டு எழுதவில்லை. விருது ஒரு நாள் செய்தி. மாலை ஆறரை மணி என்பது பழக்கம். பழக்கத்தை மாற்றச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

உங்கள் பதில்கள் எனக்குத் தெரியும். சிலரிடம் நேரிலேயே கேட்டிருக்கிறேன்.

'கூட்டம் வராது' என்பது முதல் பதில். வேலை நாளில் நாலரை மணிக்கு, இலவசமாக, பேச்சாளர்களுக்கு முன்னால் வைத்தால் யாருக்குத்தான் கூட்டம் வரும்? நீங்கள் உச்சியில் வைத்திருக்கும் பாடகரை அந்த நேரத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். இதே தமிழ்நாட்டில்தான் 1962ல் 'கொஞ்சும் சலங்கை' வந்தபோது, ராஜரத்தினத்தின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் எஸ். ஜானகியின் குரலோடு வாசித்த ஆபேரியை ஊர் ஊராகக் கேட்டார்கள். 1968ல் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்கு வாசித்ததை இன்னும் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் மேளக்கச்சேரிக்காக மணலில் துண்டை விரித்து விடிய விடிய உட்கார்ந்தார்கள். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் வளர்ந்தது அந்த மணலில்தான். காது இருக்கிறது. நேரம்தான் இல்லை.

'சத்தம்' என்பது இரண்டாவது. இதில் பாதி உண்மை என்று ஒத்துக்கொள்கிறேன். குளிர்சாதன ஹாலில், மூன்றாவது வரிசையில், இரண்டு தவிலுக்கும் ஆளுக்கு இரண்டு மைக் வைத்தால் யாருக்கும் தலைவலி வரும். மைக்கை எடுத்துவிடுங்கள். வேறு எந்த வாத்தியத்துக்கும் சொல்ல முடியாததை இதற்குச் சொல்லலாம். எழுநூறு, எண்ணூறு பேர் உட்காரும் ஹாலில் பாரி நாகசுரத்துக்கும் தவிலுக்கும் ஒலிபெருக்கியே தேவையில்லை. உங்களுக்கு ஒலியமைப்புச் செலவும் மிச்சம். மைக் இல்லாத ஒரு கச்சேரியைச் சென்னை கேட்டு எத்தனை நாளாகிறது என்று யோசித்தால், அதற்காகவே ஆட்கள் வருவார்கள்.

மூன்றாவது பதில் கொஞ்சம் வலிக்கக்கூடியது. 'இப்போது அந்த மாதிரி வாசிக்க ஆளில்லை, கல்யாணத்தில் சினிமாப் பாட்டு வாசித்துப் பழகிவிட்டார்கள், இரண்டரை மணி நேரம் தாங்காது.' மாமாவே இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். ராகம், ரத்தி மேளம், பல்லவி என்று நிரவிப் போவதற்கான சாதகம் பல பேரிடம் குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கேட்காத கடனும் பார்க்காத பயிரும் பாழ் என்பார்கள். இரண்டரை மணி நேரம் யாரும் கேட்காதபோது இரண்டரை மணி நேரத்துக்கு யார் சாதகம் செய்வார்கள்? மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் பாடமாக இருக்கின்றன, பழனியில் தேவஸ்தானமே பள்ளி நடத்துகிறது. அங்கே படித்து வெளியே வரும் இருபது வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் முன்னால் முகூர்த்தக் கணக்குதான் இருக்கிறது. நாகசுரம் வாசிக்கும் கலீஷாபி மஹபூப், ஷேக் மஹபூப் சுபானி தம்பதிக்கு 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்த ஒரு பெண் சீவாளியைக் கையில் எடுத்திருந்தால், அவளுக்கு உங்கள் பட்டியலில் எந்த இடம்?

நாலாவதாக, 'நாங்கள் தனியாக நாகசுர விழாவே நடத்துகிறோமே' என்று ஒன்றிரண்டு சபாக்கள் சொல்லும். உண்மைதான், நானும் போயிருக்கிறேன், நல்ல வாசிப்புகள் கேட்டிருக்கிறேன், நன்றி. ஆனால் அது சீசன் சூடு பிடிப்பதற்கு முன்னால், விமரிசகர்கள் வராத நாட்களில் முடிந்துவிடுகிறது. விருந்து ஒன்றுதான், சாப்பாடும் ஒன்றுதான், உங்களுக்கு மட்டும் முன்கூட்டியே தனிப் பந்தி என்றால் அந்த விருந்தாளிக்கு என்ன தோன்றும்?

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த சீசனில், டிசம்பர் 20க்கும் ஜனவரி 1க்கும் நடுவில், உங்கள் பெரிய ஹாலில், ஒரே ஒரு நாள், மாலை ஆறரை மணிக்கு ஒரு நாகசுரக் கச்சேரி. இரண்டரை மணி நேரம். டிக்கெட் போட்டு, பாட்டுக் கச்சேரிக்கு என்ன விலையோ அதே விலைக்கு. அழைப்பிதழில் தவில்காரர்கள் பெயரும் அதே எழுத்தளவில், தாளம் போடுகிறவர் பெயரும்கூட. குழுவாக ஐந்தாறு பேர் வேன் பிடித்துக் கும்பகோணத்திலிருந்து வருவார்கள் என்பதை சன்மானம் பேசும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாடகருக்குக் கொடுக்கும் தொகையை அவர் மூன்று பேருக்குள் பிரிக்கிறார், இவர் ஆறு பேருக்குப் பிரிக்க வேண்டும். அன்றைக்கு மேடையில் வேறு நாற்காலி வேண்டாம். விருந்தினர் வந்தால் கீழே உட்கார்ந்து கேட்கட்டும்.

நாகசுரமா, நாதஸ்வரமா என்ற பழைய சண்டையை வைத்து ஒரு கருத்தரங்கம் போடலாம் என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், தயவுசெய்து வேண்டாம். அந்த இரண்டு மணி நேரத்தையும் வாசிக்கக் கொடுத்துவிடுங்கள்.

மாமாவுக்கு இப்போது எழுபத்தாறு. பல் போனதிலிருந்து வாத்தியம் பரணில் இருக்கிறது, சீவாளிக் கொத்து மட்டும் இன்னும் சாமி அலமாரியில். போன மாதம் போனில் இந்த மடலைப் பற்றிச் சொன்னேன். 'ஆறரை மணின்னு போடுவாங்களாடா?' என்று கேட்டார். போட்டால் கூட்டி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். படியேற முடியாது, அதனால் இந்த ஒரு தடவை பால்கனி வேண்டாம். கீழே, கொஞ்சம் பின்னால், ஓரமாக இரண்டு சீட். எவ்வளவு என்று சொல்லுங்கள், இப்போதே கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தாளம் போட்ட பையன்